மாலையானால் மண்ணுக்குள்ளிருந்து ‘டக் டக்’ சத்தம்: இது என்ன பிராணி?

செம்மணல் (உப்பிங்டன்)
அக்டோபர் 14, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

ஜூலையில் சோலார் ஆலை வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் உள்ள இந்த உப்பிங்டனுக்கு வந்தேன். தங்கியிருப்பது ஊருக்குள் இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய பண்ணை வீட்டில். சுற்றிலும் சிவப்பு மணல், காய்ந்த புல், அங்கங்கே முள்மரம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம் என்பதால் வெயிலைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. சத்தத்தைப் பற்றித்தான்.

இரண்டு வாரமாகச் சூரியன் இறங்கியதும் ஆரம்பிக்கிறது. இரண்டு கூழாங்கற்களை வேகமாகத் தட்டினால் வருமே, அந்த மாதிரி டக் டக் டக் டக் என்று ஐந்தாறு தடவை. அது நின்றதும் பக்கத்தில் இன்னொன்று பதில் சொல்லும். பத்து நிமிடத்தில் தரை முழுக்கத் தட்டச்சு வகுப்பு நடப்பது போல ஆகிவிடும். நன்றாக இருட்டிய பிறகு மெல்ல அடங்கும். கிட்டே போனால் அந்த இடம் மட்டும் கப்சிப். டார்ச் அடித்துப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, அவ்வளவுதான். தவளை என்று நினைத்தேன். ஆனால் இங்கே தண்ணீர் எங்கே?

அவசரம் ஏன் என்றால், வீட்டைச் சுற்றிக் கறையான் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை மருந்து அடிக்கும் ஆள் வருகிறார். வளாகத் தரை முழுவதும் அடித்துவிட்டால் கவலை இல்லை என்கிறார். அதற்கு முன்னால் இந்தச் சத்தம் போடுவது யார் என்று தெரிந்துகொள்ள ஆசை.


மாடிவீடு (டர்பன்)
அக்டோபர் 14, இரவு 9.41

சில்வண்டு. கேள்வியே இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குங்கள் தம்பி.


பழைய வாத்தியார் (கிம்பர்லி)
அக்டோபர் 14, இரவு 10.05

சில்வண்டு இல்லை. பல்லி.

நான் உயிரியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். கலகாரிப் பாலைவனப் பக்கம் மாணவர்களை முகாமுக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் முதல் நாள் மாலை இதே கேள்விதான் வரும். இதைக் குரைக்கும் பல்லி என்பார்கள். குரைப்பது என்று சொல்வது கொஞ்சம் அதிகம். அறிவியல் பெயரின் பின்பாதி ‘கர்ருலஸ்’, வாயாடி என்று பொருள். அதுதான் பொருத்தம்.

வாலோடு சேர்த்தே பத்து சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும். சத்தம் போடுவது ஆண். தானே வளை தோண்டி, வாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கூப்பிடும். வளையின் வாய் ஒலிபெருக்கிக் குழல் மாதிரி வேலை செய்யும். அதனால்தான் அந்தச் சின்ன உடம்பிலிருந்து இத்தனை பெரிய சத்தம். கூப்பிடுவது பெண்ணை. கூடவே பக்கத்து வளை ஆணுக்கு ‘இது என் இடம்’ என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. வசந்த காலம் தொடங்கிக் கோடை வரை இந்தக் கச்சேரி நடக்கும். நீங்கள் ஜூலையில் வந்ததால் குளிர் காலத்து அமைதியை முதலில் கேட்டுவிட்டீர்கள்.

பகலில் வாசலை மணலால் அடைத்துவிட்டு உள்ளே கிடக்கும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு உள்ள ஒட்டும் பட்டை இதன் விரலில் கிடையாது. சுவரே இல்லாத ஊரில் அது எதற்கு? அதற்குப் பதிலாக விரல் ஓரங்களில் சீப்புப் பல் போல நீண்ட செதில்கள். மணலைத் தள்ளவும், புதையாமல் நடக்கவும் அவைதான் உதவுகின்றன. மேகமூட்டமான நாளில் கவனியுங்கள், சாயங்காலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

மருந்து விஷயம் பெரியது. தனியாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஆளை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.


மாடிவீடு (டர்பன்)
அக்டோபர் 14, இரவு 10.12

சரி, வாபஸ். ஆனால் இது பல்லி என்றால் பலன் பார்க்க வேண்டுமே! எங்கள் ஆயா இருந்த வரை, வீட்டில் பல்லி சத்தம் போட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையில் விரலால் தட்டுவார். நேட்டாலுக்கு வந்து நாலு தலைமுறை ஆகித் தமிழ் பாதி போய்விட்டது. அந்தத் தட்டு மட்டும் போகவில்லை. செம்மணல், உங்களுக்கு எந்தத் திசையில் சொல்லுகிறது?


தமிழ்ப்பள்ளி அக்கா (சாட்ஸ்வொர்த்)
அக்டோபர் 15, காலை 6.30

வாத்தியார் சொன்னதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. சங்கப் பாடல் ஒன்றில் பாலை வழியில் கள்ளிக்காடு வருகிறது. அங்கே செங்கால் பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறது. அந்தச் சத்தம், வழிப்பறிக் கள்வர்கள் அம்பு முனையைச் சரிபார்க்க நகத்தில் புரட்டும் ஓசை போல இருக்கிறதாம். பொருள் தேடிப் போன தலைவனுக்கு அதைக் கேட்டு வீட்டு நினைவு வராதா என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள்.

பல்லி ‘சொல்வது’ நமக்காக அல்ல, அதன் துணைக்காக என்று ஒரு புலவர் அன்றைக்கே கவனித்து வைத்திருக்கிறார். செம்மணல் தம்பி, நீங்களும் பொருள் தேடிப் போனவர்தானே. வீட்டுக்குப் பேசினீர்களா?


செம்மணல் (உப்பிங்டன்)
அக்டோபர் 15, பிற்பகல் 1.10

அக்கா, எனக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை. அம்மாவுக்குத்தான் பேச வேண்டும், பேசுகிறேன்.

வாத்தியார் ஐயா, மிக்க நன்றி. மருந்து ஆளைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து என்னுடன் வேலை செய்பவரிடம் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே ‘அதைத்தானே முதல் நாளே சொன்னேன்’ என்றார். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் சொன்னால் எனக்கு எப்படிப் புரியும்?

இப்போது கண் திறந்துவிட்டது போல எங்கு பார்த்தாலும் ஏதாவது ஒன்று ஓடுகிறது. பகலில் ஒரு வகை, சாயங்காலம் வேறு வகை. முள்வேலிக் கம்பத்தின் மேல் நம் ஊர் ஓணான் மாதிரியே ஒன்று தினமும் உட்கார்ந்திருக்கிறது. வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் கூட மழை பெய்யாத இடத்தில் இத்தனை எப்படி?


ஜொபர்க் கணினி (ஜோகன்னஸ்பர்க்)
அக்டோபர் 15, பிற்பகல் 1.32

இதில் என்ன ஆச்சரியம்? குளிர் ரத்தப் பிராணி. வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு கொண்டாட்டம். பூமி சூடாகிறது என்று எல்லோரும் அழுகிறார்களே, பல்லிகள் மட்டும் விழா எடுக்கும்.


பழைய வாத்தியார் (கிம்பர்லி)
அக்டோபர் 15, மாலை 5.50

கணினித் தம்பி, முப்பது வருடம் இந்தக் ‘குளிர் ரத்தம்’ என்ற சொல்லோடு சண்டை போட்டவன் நான்.

பகலில் மணலில் ஓடுகிற பல்லியைப் பிடித்து வெப்பம் பார்த்தால் 37 டிகிரி பக்கம் இருக்கும். உனக்கும் எனக்கும் உள்ளதுதான். வித்தியாசம் என்னவென்றால், நாம் சோற்றை எரித்து அந்தச் சூட்டை உண்டாக்குகிறோம், அது வெயிலிடம் கடன் வாங்குகிறது. அதனால் அதற்கு நம்மைவிட மிகக் குறைந்த சாப்பாடு போதும். பஞ்சம் பிடித்த நிலத்தில் பல்லி தாக்குப்பிடிக்கும் ரகசியம் பாதி இதில் இருக்கிறது. இன்னொரு பாதி தண்ணீர். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்குமே, எல்லார் வீட்டு அலமாரியிலும் பார்த்திருப்பீர்கள். அதுதான் அதன் சிறுநீர். கழிவை யூரிக் அமிலமாக மாற்றி, கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில் வெளியே தள்ளுகிறது. பூச்சியின் உடம்பில் உள்ள ஈரமே அதற்கு முக்கால்வாசித் தண்ணீர்த் தேவையைத் தீர்த்துவிடும்.

ஆனால் கடன் வாங்குபவனுக்கு அளவு தெரிய வேண்டும். உடல் 45 டிகிரியை நெருங்கினால் உயிர் தங்காது. கோடை மத்தியானத்தில் மேல்மணல் 60 டிகிரியைத் தாண்டும். அப்போது திறந்த வெளியில் நிற்கிற பல்லி சில நிமிடத்தில் செத்துப்போகும். அதனால்தான் செம்மணல் பார்த்த அந்த ஓணான் கம்பத்தில் ஏறி உட்கார்கிறது. தரையிலிருந்து இரண்டு அடி மேலே போனாலே காற்று கொஞ்சம் தணிவு. மற்றவை புதருக்குப் புதர் நிழல் பார்த்து ஓடும், அல்லது வளைக்குள் போகும். ஒரு முழம் ஆழத்தில் பகல் இரவு வித்தியாசமே பெரிதாகத் தெரியாது. பாலையில் பல்லிக்கு வெயில் இலவசம். விலை கொடுத்து வாங்க வேண்டியது நிழல்.

விழா எடுக்கும் என்றாய். வெப்பம் கூடினால் வெளியே நடமாடும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் இரை குறையும். முட்டை வைக்கும் காலத்தில் பெண்ணுக்கு அது போதாது. மெக்சிகோவில் 200 இடங்களில் ஒரு வகை முட்பல்லிகளை மறுபடி போய்த் தேடினார்கள். 1975க்குப் பிறகு அவற்றில் 12 சதவீத இடங்களில் பல்லியே இல்லாமல் போயிருந்தது என்று 2010இல் வெளியிட்டார்கள். காடு அப்படியே இருந்தும்.


ஜொபர்க் கணினி (ஜோகன்னஸ்பர்க்)
அக்டோபர் 15, மாலை 6.15

மெக்சிகோ கணக்கை இங்கே ஒட்ட முடியுமா சார்? அது மலை, இது மணல். ஆனால் நிழல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். 37 டிகிரி எனக்குத் தெரியாது.


பழைய வாத்தியார் (கிம்பர்லி)
அக்டோபர் 15, மாலை 6.22

அப்படியே ஒட்ட முடியாதுதான். இங்கே வளை தோண்டுகிறவை கொஞ்சம் தப்பலாம், பாறை இடுக்கை நம்பியவை திணறலாம். கணக்குப் போடும் முறைதான் பொது.


வால்நுனி (கேப் டவுன்)
அக்டோபர் 15, இரவு 8.40

இந்த இழையைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே! விடுமுறை கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வடக்கே போகிறவள் நான். செம்மணல், உங்கள் பக்கத்து மணலில் இன்னொரு நாடகம் நடக்கிறது, பாருங்கள்.

அங்கே கறுப்பு வண்டு ஒன்று உண்டு, உடம்பில் வெள்ளைப் பொட்டு. சீண்டினால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆஃப்ரிகான்ஸில் ‘ஊக்பிஸ்டர்’ என்பார்கள். கண்ணில் மூத்திரம் பெய்கிறவன் என்று அர்த்தம், மன்னிக்கவும். எந்த நரியும் பறவையும் அதன் பக்கம் போகாது. அந்த மணலில் ஓடும் ஒரு பல்லியின் குஞ்சு அச்சு அசல் அந்த வண்டு மாதிரியே வேஷம் போடுகிறது. உடம்பு கன்னங்கறுப்பு, வெள்ளைக் கோடும் புள்ளியும். வால் மட்டும் மணல் நிறம், அதனால் கண்ணுக்குத் தெரியாது. நடையும் வண்டு நடைதான். முதுகை வில்லாக வளைத்து, கால்களை விறைத்துக்கொண்டு துக்கடா துக்கடாவாக நடக்கும். நான் பின்னாலேயே விரட்டினேன். கொஞ்ச தூரம் வண்டாக நடந்தது, பிறகு பொறுமை போய் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பல்லியாக ஓடிவிட்டது!

இதை 1977இல் ரே ஹ்யூயி, எரிக் பியான்கா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். வண்டு எந்த அளவு வளருமோ அந்த அளவைக் குஞ்சு எட்டியதும் கறுப்பு போய் மணல் நிறம் வந்துவிடும், நடையும் மாறிவிடும். அந்த அளவுக்கு மேல் வண்டே இல்லை என்பதால் வேஷம் செல்லாது. இவற்றின் குஞ்சுகளில் வால் அறுந்தவை, உறவுக்காரப் பல்லிகளைவிடக் குறைவு என்றும் பார்த்தார்கள். வால் அறுவது எதிரி தாக்கியதற்கு அடையாளம், அதனால் வேஷம் பலிக்கிறது என்று கணக்கு.

அப்புறம், உப்பிங்டனிலிருந்து ஆக்ராபீஸ் அருவி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள். பாறையெல்லாம் தட்டைப் பல்லிகள். அப்பளம் மாதிரி சப்பட்டை உடம்பு, பாறை இடுக்கில் கடிதம் போடுவது போல நுழைந்துவிடும். ஆண்களுக்கு நீலமும் ஆரஞ்சும் மஞ்சளும் சேர்ந்த நிறம், பெண்கள் பழுப்பு. ஆற்றோரம் மொய்க்கும் கறுப்பு ஈக்களை இவை எம்பிக் குதித்து அந்தரத்தில் பிடிப்பதை மணிக்கணக்கில் பார்க்கலாம். பாறையில் வளரும் அத்தி பழுத்தால் அதையும் தின்னும். எந்த மரம் பழுத்தது என்று எப்படித் தெரியும்? மரத்தில் பறவைகள் கூடுவதைப் பார்த்துப் போகின்றன என்று சோதனை செய்தே கண்டிருக்கிறார்கள். இளம் ஆண்களில் சில, பெண் நிறத்திலேயே இருந்துகொண்டு பெரிய ஆண்களின் எல்லைக்குள் நைசாக நுழைந்து திரியும் கதையும் உண்டு. அதை எழுதினால் தமிழ்ப்பள்ளி அக்கா திட்டுவார்.


தமிழ்ப்பள்ளி அக்கா (சாட்ஸ்வொர்த்)
அக்டோபர் 15, இரவு 8.55

திட்டமாட்டேன், எழுதும்மா. சங்க இலக்கியத்தில் இல்லாததா?


இளங்கன்று (பிரிட்டோரியா)
அக்டோபர் 16, காலை 7.45

இணையத்தில் ஒரு படம் பார்த்தேன். உடம்பெல்லாம் முள், தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு வளையம் மாதிரி சுருண்டிருக்கும் பல்லி. குட்டி டிராகன் போலவே இருக்கிறது. அது இந்த நாட்டுப் பல்லிதானாமே. அடுத்த மாதம் மேற்குக் கரைப் பக்கம் போகிறோம், ஒரு ஜோடி பிடித்து வந்து கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா? என்ன தீனி போட வேண்டும்?


மாடிவீடு (டர்பன்)
அக்டோபர் 16, காலை 7.50

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.


வால்நுனி (கேப் டவுன்)
அக்டோபர் 16, காலை 8.20

தம்பி, தயவுசெய்து வேண்டாம். அனுமதி இல்லாமல் பிடித்தால் குற்றம், அந்த வகை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. அதைவிட, அது எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் நீங்களே கேட்கமாட்டீர்கள்.

அது தனியாகவோ ஜோடியாகவோ இருக்கும் பல்லி இல்லை. ஒரே பாறை இடுக்கில் கூட்டுக் குடும்பம். சில இடங்களில் முப்பதைத் தாண்டும். முட்டையிடாது, குட்டி போடும். அதுவும் வருடத்துக்கு ஒன்று, எப்போதாவது இரண்டு. பிடிக்கிறவன் ஓர் இடுக்கைக் கடப்பாறை போட்டு நெம்பினால் மொத்தக் குடும்பமும் போச்சு, இடுக்கும் போச்சு. ஒன்றிரண்டாகப் பிறக்கிற கூட்டம் மறுபடி தலையெடுக்க எத்தனை வருடம் ஆகும், யோசியுங்கள். வாலைக் கடிப்பது விளையாட்டு அல்ல. முள் இல்லாத ஒரே இடம் வயிறு, அதை மறைத்துக்கொள்ளத்தான். அதாவது உங்கள் படத்தில் உள்ள பல்லி பயந்துபோயிருக்கிறது.


இளங்கன்று (பிரிட்டோரியா)
அக்டோபர் 16, காலை 8.31

தெரியாமல் கேட்டுவிட்டேன் அக்கா. படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் கூட்டமாக இருக்கிறது? மற்ற பல்லிகள் ஒன்றை ஒன்று விரட்டுமே.


பழைய வாத்தியார் (கிம்பர்லி)
அக்டோபர் 16, முற்பகல் 11.00

நல்ல கேள்வி. பதில் நான் செம்மணலுக்குத் தர வேண்டிய பாக்கியோடு சேர்ந்தே வருகிறது. விடை கறையான்.

வாலைக் கடிக்கும் பல்லியின் முக்கிய உணவு அந்தப் பக்கத்துப் புல்-குச்சி பொறுக்கும் கறையான். கறையான் ஓர் இடத்தில் வெளிவந்தால் ஆயிரக்கணக்கில் வரும். ஒருத்தன் காவல் காத்து மற்றவனை விரட்ட வேண்டிய பண்டம் இல்லை அது, பந்தி. சண்டைக்குக் காரணம் குறைகிறது, நல்ல பாறை இடுக்கோ குறைவு, சேர்ந்து இருந்தால் கழுகு வருவதைப் பார்க்கக் கண்கள் அதிகம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தார் பல வருடம் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். அதே கறையானின் மேடுகள் நமக்குவாலாந்து என்ற வறண்ட வட்டாரத்தில் பஃபல்ஸ் ஆற்றுப் பக்கம் 34,000 ஆண்டு வரை பழமையானவை என்று 2024இல் கரிமக் கணக்குப் போட்டார்கள். சோழனும் பாண்டியனும் நேற்றைய ஆட்கள்.

இப்போது கலகாரி. மேலே வால்நுனி சொன்ன பியான்கா வட அமெரிக்கா, கலகாரி, ஆஸ்திரேலியா என்று மூன்று கண்டத்துப் பாலைகளில் பல்லி எண்ணிய மனிதர். பல்லிகளின் வயிற்றைத் திறந்து என்ன தின்றிருக்கிறது என்று அளந்தார். கலகாரிப் பல்லிகளின் வயிற்றில் கறையான் மற்ற இரண்டு இடங்களைவிட மிக அதிகம். காரணம் யோசித்தால் புரியும். மாடு தின்னாத காய்ந்த புல்லைக் கறையான் மண்ணுக்குள் இழுத்துப் போய்ச் சதையாகவும் ஈரமாகவும் மாற்றுகிறது. மழை பொய்த்த வருடமும் அந்தக் கிட்டங்கி காலியாவதில்லை. கடையில் நெல் இல்லாதபோது குதிரில் நெல் இருப்பது மாதிரி.

இதைத் தின்பதில் இரண்டு பாணி. ஒரு வகைப் பல்லி புதரடியில் உட்கார்ந்து, எதிரே வருவதை மட்டும் பாய்ந்து பிடிக்கும். இன்னொரு வகை நாள் முழுக்க மோப்பம் பிடித்து, கிளறி, திரிந்து தேடும். திரிகிறவைக்குத்தான் கறையான் அதிகம் கிடைக்கும், அது ஒளிந்து கூட்டமாக இருப்பதால். எரிபொருளும் அதிகம் செலவு, வரவும் அதிகம். ஆனால் அதற்கு ஒரு வரி உண்டு. மணலில் புதைந்து அசையாமல் காத்திருக்கும் கொம்பு விரியனின் வாயில் போவதும் பெரும்பாலும் இந்தத் திரிகிற கூட்டம்தான். இருக்கிற இடத்தில் இருப்பவனைத் திரிகிற பாம்பு பிடிக்கும், திரிகிறவனை இருக்கிற பாம்பு பிடிக்கும். மண்ணுக்கு மேலே இது. மண்ணுக்கு உள்ளே காலே இல்லாத அரணை வகைகள் நீந்துகின்றன, அவற்றுக்கும் கறையான்தான் சாப்பாடு. உன் வாயாடிப் பல்லிக்கும் அதுவேதான்.

ஆக, தம்பி, வளாகம் முழுக்க மருந்து அடித்தால் சத்தமும் போய்விடும்.


கடைத்தெரு (குருமான்)
அக்டோபர் 16, பிற்பகல் 2.25

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் பண்ணைகளுக்குச் சாமான் விற்கிறவன். வாத்தியார் ஐயா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் ஆடு வளர்ப்பவனைக் கேட்டுப் பாருங்கள். வறட்சி வருடத்தில் ஆட்டுக்கு மிச்சம் இருக்கும் புல்லையும் இந்தக் கறையான் அறுத்துக்கொண்டு போய்விடும். ஓரிடம் மொட்டையானால் அங்கேதான் இன்னும் பெருகும். அவர்கள் மருந்து வாங்குவது பல்லி மேல் கோபத்தில் இல்லை.


பழைய வாத்தியார் (கிம்பர்லி)
அக்டோபர் 16, பிற்பகல் 3.10

உண்மைதான், மறுக்கவில்லை. மொட்டையானால் பெருகும் என்றீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. அளவுக்கு மேல் ஆடு விட்டு முதலில் மொட்டையடிப்பது யார்? பண்ணைக்காரருக்கு என் ஓய்வூதியத்தில் உட்கார்ந்துகொண்டு புத்தி சொல்ல நான் தயாரில்லை. ஆனால் செம்மணல் ஆடு வளர்க்கவில்லை. அவர் வீட்டுக் கதவைக் காப்பாற்ற நினைக்கிறார். அது வேறு கேள்வி.

தம்பி, முதலில் எந்தக் கறையான் என்று பார். மண் ஓட்டைப் பக்கத்தில் அரை விரல் நீளப் புல் துண்டுகள் குவிந்து கிடக்கிறதா? ஆட்கள் வெள்ளையாக இல்லாமல் தலையும் உடம்பும் கறுத்து, வெளிச்சத்திலேயே நடக்கிறார்களா? அப்படியானால் அது புல் அறுக்கும் வகை. அதற்குக் கண் உண்டு. நம் ஊர்க் கறையான் மாதிரி இருட்டில் மட்டும் வாழ்வதில்லை. குளிர் காலத்தில் பகலில் வேலை செய்யும், கோடையில் இரவுக்கு மாறிவிடும். உன் வீட்டு உத்தரத்தில் அதற்கு அக்கறை இல்லை. சுவரில் மண் குழாய் ஏறியிருந்தால் மட்டும் அது வேறு வகை, அதற்கு வைத்தியம் வேண்டும்.


செம்மணல் (உப்பிங்டன்)
அக்டோபர் 17, காலை 6.50

பார்த்தேன் ஐயா. வளாகத்தில் உள்ள அத்தனை ஓட்டையும் புல் துண்டுகள்தான். எறும்பு என்று நினைத்து இத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறேன். மண் குழாய் ஒரே ஓர் இடத்தில், விறகு அடுக்கிய பின்சுவரில். விறகைச் சுவரை ஒட்டி அடுக்கியது நான்தான்.

மருந்து ஆளிடம் பின்சுவர் மட்டும் போதும் என்றேன். ‘முழு வளாகத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொன்னேன், சின்ன வேலைக்கு வர மாட்டேன்’ என்று வைத்துவிட்டார். விறகை நானே பத்தடி தள்ளி, தகரத்தின் மேல் அடுக்கிவிட்டேன். குழாயைச் சுரண்டி எடுத்தாயிற்று. வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். வந்தால் அப்புறம் பார்ப்போம்.

இன்னொன்று. பக்கத்துப் பெரிய முள்மரத்தில் வைக்கோல் போர் கவிழ்த்தது மாதிரி ஒரு பறவைக் கூடு. அந்த மரத்துப் பட்டையில் மட்டும் அரணை அரணையாக ஓடுகிறது. அடுத்த மரத்தில் ஒன்றுகூட இல்லை. ஏன்?


வால்நுனி (கேப் டவுன்)
அக்டோபர் 17, இரவு 9.05

கூட்டு நெசவுக் குருவியின் கூடு அது. நூற்றுக்கணக்கில் குருவிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். உங்கள் அரணை கலகாரி மர அரணை. குருவிக் கூடு உள்ள மரங்களில்தான் இவை அதிகம் என்பது நீங்கள் மட்டும் பார்த்தது இல்லை, ஆய்வாளர்களும் எண்ணியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? அதே கூட்டில் குட்டி வல்லூறு ஒன்றும் குடியிருக்கும், நம் மைனாவைவிடச் சிறியது. அதற்கு அரணை பிடித்த சாப்பாடு. எமன் மேல் மாடியில் இருக்கும்போது கீழ் வீட்டில் ஏன் குடியிருக்க வேண்டும்? குருவிகள் காவல்காரர்கள் என்பதால். எதிரியைக் கண்டு குருவி போடும் அபாயக் குரலை அரணை ஒட்டுக் கேட்கிறது. பதிவு செய்த அந்தக் குரலைப் போட்டுக் காட்டினாலும் உஷாராகிவிடுகிறது என்று 2020இல் எழுதினார்கள். பாம்பு வந்தால் முதலில் கத்துவதும் குருவிதான்.

விறகை நகர்த்தினீர்களே, அடியில் ஏதாவது இருந்ததா? தேள்?


செம்மணல் (உப்பிங்டன்)
அக்டோபர் 17, இரவு 9.20

தேள் இரண்டு. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.


செம்மணல் (உப்பிங்டன்)
நவம்பர் 23, இரவு 10.40

ஒரு மாதம் கழித்து வருகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று முதல் மழை. அரை மணி நேரம்தான், ஆனால் மண் வாசனை அப்படியே ஊர் வாசனை. இன்று சாயங்காலம் தரையிலிருந்து புகை மாதிரி ஈசல் கிளம்பியது. சின்ன வயதில் விளக்கு வைத்துத் தட்டில் பிடித்து, அம்மா அரிசியோடு வறுத்துத் தருவாள். இங்கே போட்டி அதிகம். கம்பத்து ஓணான் இறங்கிவந்து நக்கி நக்கித் தின்றது. அரணைகள் மரத்தை விட்டே வந்துவிட்டன. நானும் இரண்டு கை அள்ளிவிட்டுப் பாவம் என்று விட்டுவிட்டேன்.

இருட்டும் நேரம் ஒரு வளைக்கு முன்னால் ஐந்தடி தள்ளி அசையாமல் குப்புறப் படுத்தேன். முக்கால் மணி நேரம். எறும்பு கடித்தது, பொறுத்துக்கொண்டேன். முதலில் வாசலில் மணல் அசைந்தது. பிறகு ஒரு தலை. அப்புறம் தொண்டை மஞ்சளாக உப்பியது, டக் டக் டக் டக்! என் நெற்றியில் தட்டியது போல இருந்தது. ஐயா சொன்ன அதே அளவுதான். என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம், அதற்கு இந்தக் குரல். இடையில் ஓர் ஈசல் வாசலில் விழுந்தது. கூப்பிடுவதை நிறுத்தி, எடுத்து விழுங்கிவிட்டு, மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அப்படியே அம்மாவுக்குப் போன் போட்டுத் தரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘எந்தப் பக்கம்டா சொல்லுது?’ என்றாள். எல்லாப் பக்கமும் என்றேன்.


மாடிவீடு (டர்பன்)
நவம்பர் 23, இரவு 10.52

நான் முதல் நாளே கேட்ட கேள்வி அது! அம்மா என்ன பலன் சொன்னார்?


செம்மணல் (உப்பிங்டன்)
நவம்பர் 23, இரவு 10.58

பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.